சிறுசேமிப்பைத் தேடி வந்த பெருவங்கி

இன்று தெருமுனை ஏடிஎம்மிலும் கைப்பேசித் திரையிலும் நாம் காணும் ஐசிஐசிஐ, பொதுமக்களுக்கான வங்கியாகப் பிறக்கவில்லை. 1955 ஜனவரியில் உலக வங்கி, இந்திய அரசு, தொழிலதிபர்கள் என்ற முத்தரப்பின் முயற்சியால் பம்பாயில் தோன்றிய தொழிற்கடன் நிறுவனம் அது. முதல் தலைவர் சர் ஆற்காடு இராமசாமி முதலியார். ஆலை கட்டுவோருக்கும் வெளிநாட்டு இயந்திரம் தருவிப்போருக்கும் நீண்டகாலக் கடன் கொடுப்பதுதான் அதன் வேலை. பாஸ்புக் கிடையாது; காசாளர் கூண்டு கிடையாது; ஓய்வூதியம் வாங்க வரிசையில் நிற்கும் முதியவரும் கிடையாது.

அப்படிப்பட்ட நிறுவனம் குடும்பங்களின் சேமிப்பை நாடி வந்ததை நிர்வாகவியல் நூல்கள் தொலைநோக்கு என்று புகழ்கின்றன. தொலைநோக்கு இல்லாமலில்லை. ஆனால் துரத்தியது தேவைதான் என்பது என் கருத்து. தொழிற்கடன் நிறுவனங்கள் நெடுங்காலம் அரசின் சலுகையில் வாழ்ந்தவை. குறைந்த வட்டிக்கு அவற்றுக்குப் பணம் கிடைக்க அரசும் ரிசர்வ் வங்கியும் வழிசெய்திருந்தன. 1991க்குப் பிந்தைய சீர்திருத்தம் அந்த ஊற்றை அடைத்தது. இனிச் சந்தை வட்டிக்குக் கடன் வாங்கித்தான் கடன் கொடுக்க வேண்டும். வணிக வங்கிகளோ சேமிப்புக் கணக்கிலும் வட்டியே இல்லாத நடப்புக் கணக்கிலும் மலிவாகப் பணம் திரட்டி, அதே ஆலைகளுக்குக் கடன் கொடுக்கத் தொடங்கியிருந்தன. இந்தப் போட்டியில் இதே வகை நிறுவனமான ஐடிபிஐ 2004இல் தானும் வங்கியாக மாறியது. மாறாத இன்னொரு நிறுவனமான ஐஎஃப்சிஐ தேய்ந்துபோனது.

ஐசிஐசிஐ முந்திக்கொண்டது. 1985இல் தலைமை ஏற்ற நாராயணன் வாகுல் வங்கித் துறையிலிருந்து வந்தவர். இந்நிறுவனத்தில் எது இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். புதிய தனியார் வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 1993இல் கதவு திறந்ததும், அடுத்த ஆண்டே துணை நிறுவனமாக ஐசிஐசிஐ வங்கி உருவானது. 1996இல் கே.வி.காமத் தாய் நிறுவனத்தின் பொறுப்புக்கு வந்தார். புதிய வங்கியிடம் கணினி இருந்தது, இணைய வங்கிச் சேவை வந்தது, 2000இல் நியூயார்க் பங்குச் சந்தையில் பெயரும் பதிந்தது. கிளைகள்தாம் போதவில்லை. நாடு முழுவதுக்கும் சுமார் நூறு.

இங்கேதான் மதுரை வருகிறது. ஆலையதிபரும் கல்வி வள்ளலுமான கருமுத்து தியாகராசர் 1943இல் தொடங்கியது பாங்க் ஆஃப் மதுரா. 1960இல் பாலை சென்ட்ரல் வங்கி முறிந்து கேரளமே கலங்கிய பிறகு, சிறு வங்கிகளைப் பெரியவற்றோடு சேர்க்கும் கொள்கை வேகம் பிடித்தது. அந்தப் பத்தாண்டில் செட்டிநாடு மெர்க்கன்டைல் வங்கியும், குற்றாலத்துக்கு அருகில் 1904இலேயே தோன்றிய இலஞ்சி வங்கியும் மதுரா வங்கியில் கலந்தன. 1969இலும் 1980இலும் வங்கிகள் நாட்டுடைமையானபோது, வைப்புத்தொகை வரம்புக்குள் அடங்கிய இந்த வங்கி தனியார் கையிலேயே நின்றது. சிறியதாக இருந்ததே காப்பாயிற்று.

2000 டிசம்பரில் இணைப்பு அறிவிக்கப்பட்டு, 2001 மார்ச்சில் நிறைவேறியது. மதுரா வங்கியின் ஒரு பங்குக்கு ஐசிஐசிஐ வங்கியின் இரண்டு பங்குகள். விழுங்கியதைவிட விழுங்கப்பட்டதற்கே கிளை அதிகம்: 250க்கும் மேல், பெரும்பாலானவை தென்னகத்தில், கணிசமானவை கிராமங்களில். ஊழியர் எண்ணிக்கையிலும் மதுரா வங்கிதான் பெரிது. ஒரு பக்கம் தொழிற்சங்கமும் பணிமூப்பும் பழகிய நடுவயதினர். மறுபக்கம் இலக்கை எட்டியே தீரவேண்டிய மேலாண்மைப் பட்டதாரி இளைஞர்கள். இவர்களை ஒரே கூரைக்கீழ் அமர்த்தியது, கணினிக் கணக்குகளை ஒன்றாக்கியதைவிடக் கடினமான வேலையாகத்தான் இருந்திருக்கும்.

இணைப்பைப் பற்றிப் பேசுவோர் பங்கு விகிதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மதுரா வங்கி தென் மாவட்டங்களில் மகளிர் சுய உதவிக் குழுக்களை வளர்த்து வந்திருந்தது. மாதாமாதம் சிறுதொகை சேர்த்து, தமக்குள் சுழற்றி, பிறகு வங்கிக் கடன் பெறும் பெண்கள் அவர்கள். நகரத்து நடுத்தர வர்க்கத்தையே குறிவைத்த ஒரு வங்கிக்கு இந்தக் குழுக்கள் சொத்தோடு சேர்ந்து வந்த சீதனம். ஐசிஐசிஐ அதைக் கைவிடாமல் விரித்தது. அனுபவமுள்ள குழுப் பெண்களையே புதுக் குழுக்கள் அமைக்கும் பணியில் இறக்கியது. நிர்வாகவியல் அறிஞர் சி.கே.பிரகலாத் ஏழைகளின் சந்தை பற்றிய தம் புகழ்பெற்ற நூலில் இதை ஓர் எடுத்துக்காட்டாகவே ஆய்ந்தார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பாடமாகப் படித்த அந்தக் கதையின் வேர் மதுரையில் இருப்பது நம்மூரில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

2002இல் தாய் நிறுவனமே தன் பிள்ளையான வங்கியில் கலந்தது. பழைய கடன் பத்திரங்கள் உட்பட அனைத்துப் பொறுப்புகளுக்கும் ரொக்க இருப்பு, அரசுப் பத்திர முதலீடு ஆகிய விதிகள் பொருந்தும் என்று ரிசர்வ் வங்கி கறாராகச் சொன்னது. அதை ஏற்றுக்கொண்டுதான் நாட்டின் இரண்டாவது பெரிய வங்கி எழுந்தது. வீட்டுக்கடன், வாகனக்கடன், கிரெடிட் கார்டு என மாதத் தவணை வாழ்க்கை பரவியதில் அதன் பங்கு பெரிது.

சிறுசேமிப்பாளரை நம்பி நிற்பதன் மறுபக்கத்தை 2003 ஏப்ரல் காட்டியது. வெறும் வதந்தியால் குஜராத்தில் ஏடிஎம் வாசல்களில் கூட்டம் மொய்த்தது. வங்கியிடம் போதிய பணம் உள்ளது என்று ரிசர்வ் வங்கியே அறிக்கை விட நேர்ந்தது. 2008இல் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் சரிந்தபோது அதே காட்சி, அதே அறிக்கை. ஆலை முதலாளி கடன்வாங்கியாக இருந்த காலத்தில் இந்நிறுவனம் கண்டிராத அச்சம் இது.

இன்னொரு கறையும் உண்டு. கடனை விற்கவும் வசூலிக்கவும் வெளி முகவர்களை அமர்த்தியதில் மிரட்டலும் அடாவடியும் புகுந்தன. துறை முழுவதிலும் இருந்த நோய்தான். ஆனாலும் 2007இல் உச்ச நீதிமன்றம் வசூலுக்கு ஆள்பலத்தைப் பயன்படுத்துவதைக் கண்டித்தது இவ்வங்கி தொடர்பான வழக்கில். மறு ஆண்டு வசூல் முகவர்களுக்கான விதிமுறைகளை ரிசர்வ் வங்கி வகுத்தது.

2015இல் ஸ்டேட் வங்கியோடு ஐசிஐசிஐயும், முறிந்தால் நாட்டின் நிதியமைப்பையே உலுக்கக்கூடிய வங்கி எனப் பட்டியலிடப்பட்டது. அதற்காக அது கூடுதல் மூலதனம் வைத்திருக்க வேண்டும். கணக்கு வைத்திருப்பவருக்கோ, எந்த வங்கியானாலும், வைப்புக் காப்பீடு 5 லட்சம் ரூபாய்தான். அதுவும் 2020 பிப்ரவரி வரை 1 லட்சமாகவே இருந்தது.