99,99,999 கேம்கள் ஒரே கேசட்டில்!

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன் மக்களே. தொண்ணூறுகளில் நம்ம ஊர்ப் பக்கம் வளர்ந்தவங்களுக்கு 'டிவி கேம்' பத்தி சொல்லவே வேண்டாம். ஆனா நாம ஆடினது யாரோட பொட்டி?

நிண்டெண்டோ 1983 ஜூலையில் ஜப்பானில் விற்க ஆரம்பித்த 'ஃபேமிலி கம்ப்யூட்டர்'தான் மூலம். நம்ம வீட்டுக்கு வந்தது அதைப் பார்த்து தைவானிலும் சீனாவிலும் அடிச்ச நகல். 'டெர்மினேட்டர்', 'லிட்டில் மாஸ்டர்'னு பேர்கள். இறக்குமதி வரி எக்கச்சக்கமா இருந்த காலம், அசலை யார் வாங்கறது? கேசட்டு மேல 99,99,999 கேம்னு போட்டிருக்கும். எண்ணினா பத்தோ இருபதோ தேறும், மத்ததெல்லாம் அதே மரியோ வேற வேற லெவல்ல ஆரம்பிக்கும். (இப்படி ஒரு பேலன்ஸ் ஷீட்டோட லோன் கேட்டு வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவோம்!)

1985-ல வந்த அந்த சூப்பர் மரியோ மொத்தமே 40 கிலோபைட். இன்னிக்கு வாட்ஸப்பில் வர்ற குட்மார்னிங் படமே அதைவிடப் பெரிசு. சேவ் பண்ண வழி கிடையாது. கரண்ட் போச்சா, மறுபடி முதல்லேர்ந்து. கான்ட்ராவில் அருவி ஏறும்போது ஒருத்தன் அவசரப்பட்டு மேலே தாவினா ஸ்க்ரீனும் கூடவே ஏறிடும், கீழே நிக்கற அண்ணன் காலி. எத்தனை வீட்டில் இதுக்கு அடிதடி!

'இந்த கிராஃபிக்ஸ்ல என்னப்பா இருக்கு?'ங்கறான் என் பையன். நியாயம்தான். இங்க பெங்களூர்லயே 1997-ல ஆரம்பிச்ச த்ருவா இன்டராக்டிவ் கம்பெனியை 2019-ல ராக்ஸ்டார் வாங்கிச்சு. பளபளப்பில் நான் குறை சொல்லலை.

என் சங்கடம் வேற. 2014-ல வந்த 'தி க்ரூ' கார் கேமோட சர்வரை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-ல மூடிடுச்சு. டிஸ்க்கா வாங்கி வெச்சிருந்தவங்களும் ஆட முடியாது. பாங்க் பாஷையில், நாம அன்னிக்குப் பண்ணினது கிரயம், பசங்க பண்றது குத்தகை. குத்தகைன்னு சொல்லிட்டுக் காசு வாங்கினா பரவாயில்லை. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து, இது வெறும் லைசென்ஸ்தான்னு தெளிவா சொல்லாம 'வாங்கு'ன்னு பட்டன் வைக்கக்கூடாதுன்னு சட்டம். இங்கேயும் வரணும்.

பொங்கலுக்குத் திருச்சி போனப்ப பரண்லேர்ந்து பழைய பொட்டியை இறக்கினேன். கேசட்டில் அண்ணன் பேர் பேனாவில் அப்படியே இருக்கு. ஒரு ஊது ஊதிச் சொருகினா, மரியோ நிக்கறான்! ரெண்டாவது ஜாய்ஸ்டிக்தான் வேலை செய்யலை. சனிக்கிழமை எஸ்.பி. ரோட்டில் தேடணும், பையனும் வர்றானாம்.