பிரபு கேட்டார், யார் கலந்தது?

இத்தாலியில் சாயங்காலம் ஆறரை, ஏழு மணிக்கு இரவுச் சாப்பாட்டுக்கு யாரும் அவசரப்படுவதில்லை. அந்த இடைவெளிக்கென்றே ஒரு வழக்கம் இருக்கிறது: அபெரிதீவோ. 'திறப்பது' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். திறக்க வேண்டியது பசியை. கசப்பும் இனிப்புமான ஒரு பானம், கூடவே கொஞ்சம் ஆலிவ், கொஞ்சம் சிப்ஸ். அவ்வளவுதான். தள்ளாடும்வரை குடிப்பதற்கான நேரம் அல்ல அது.

ஏன் கசப்பு? கசப்பு மூலிகை வயிற்றுக்கு நல்லது என்ற நம்பிக்கை ஐரோப்பிய மருத்துவத்தில் மிகப் பழையது. மூலிகை ஊறிய ஒயின் முதலில் மருந்தாகத்தான் இருந்தது. 1786இல் தூரின் நகரில் அந்தோனியோ பெனதெத்தோ கார்ப்பானோ விற்கத் தொடங்கிய வெர்மூத், அதை மருந்துப் பட்டியலிலிருந்து எடுத்துக் கடைவீதிக்குக் கொண்டுவந்தது. அந்தப் பெயரே ஒரு கசப்புச் செடியின் ஜெர்மன் பெயர்தான். நம்மூரில் பூவோடு சேர்த்துத் தொடுக்கிற மரிக்கொழுந்தும் அதே பேரினம்.

1860இல் கஸ்பாரே காம்பாரி தன் சிவப்புக் கசப்பு மதுவோடு வந்தார். 1867இல் மிலானில் கலேரியா வணிக வளாகம் திறந்தபோது அங்கே கடை போட்டார். மிலானின் காம்பாரி, தூரினின் வெர்மூத், இரண்டையும் சேர்த்தால் 'மிலானோ தொரினோ'. 1861இல்தான் இத்தாலி ஒரே நாடாகியிருந்தது. தூரின் அதன் முதல் தலைநகர். போட்டி ஊர்கள் இரண்டும் ஒரே கிளாஸில் சமாதானமாயின. அதில் சோடா ஊற்றினால் 'அமெரிக்கானோ'.

அடுத்த மாற்றம் ஃப்ளாரன்ஸில். பரவலாகச் சொல்லப்படும் கதைப்படி ஆண்டு 1919. அமெரிக்காவில் வாழ்ந்து திரும்பிய கமில்லோ நெக்ரோனி என்ற பிரபு, கசோனி காஃபிக் கடையில் தன் வழக்கமான அமெரிக்கானோவைக் கொஞ்சம் காட்டமாகக் கேட்கிறார். அங்கே வேலை பார்த்த ஃபோஸ்கோ ஸ்கார்செல்லி சோடாவை எடுத்துவிட்டு ஜின் ஊற்றுகிறார். எலுமிச்சைத் துண்டுக்குப் பதில் ஆரஞ்சு. மற்றவர்களும் 'நெக்ரோனி பிரபு குடிக்கிறாரே, அது' என்று கேட்க ஆரம்பிக்க, பெயர் நிலைத்தது. ஜின், காம்பாரி, இனிப்பு வெர்மூத், மூன்றும் சம அளவு. இன்றும் அதுதான் செய்முறை.

இந்தக் கதையை எல்லாரும் ஏற்கவில்லை. அந்தப் பெயருக்கு ஒரு பிரெஞ்சுக் குடும்பமும் உரிமை கோரியது. கவனித்துப் பாருங்கள், சண்டை முழுக்க எந்த நெக்ரோனி என்பதில்தான். கலந்த கை யாருடையது என்று யாரும் வழக்காடவில்லை.

நான் மென்பொருள் எழுதுகிறவன். "இந்த ஒரு இடத்தை மட்டும் மாத்திக் குடுங்க" என்று கேட்கும் வாடிக்கையாளர்களை நன்றாகத் தெரியும். சோடாவுக்குப் பதில் ஜின் என்பது அப்படியான ஒரு மாற்றம்தான். ஆனால் 'காட்டமாக வேண்டும்' என்பது வெறும் கோரிக்கை. எதை எடுப்பது, எவ்வளவு ஊற்றினால் கசப்பும் இனிப்பும் சண்டை போடாமல் இருக்கும் என்பது தொழில் தெரிந்தவனின் முடிவு. கோரிக்கைக்குப் பெயர் கிடைத்தது. முடிவுக்குக் கிடைக்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் மிலானின் பார் பாஸோவில் மீண்டும் ஒரு மாற்றம். மிர்கோ ஸ்டோக்கெத்தோ ஜின் என்று நினைத்து நுரைக்கும் ஒயின் பாட்டிலை எடுத்துவிட்டார் என்பார்கள். அந்தப் பானம் 'நெக்ரோனி ஸ்பல்யாத்தோ', அதாவது தவறிப்போன நெக்ரோனி. தவறுக்குக்கூடப் பெயரில் இடம் இருந்தது. அங்கேயும் கலந்தவருக்கு இல்லை.

ஸ்கார்செல்லியின் பெயர் இன்று நமக்குத் தெரிகிறது என்றால், அதில் லூக்கா பிக்கிக்கு முக்கியப் பங்குண்டு. நெக்ரோனி பிரபுவின் தடங்களைத் தேடிப் புத்தகம் எழுதியவர். பேராசிரியர் இல்லை. அவரும் ஃப்ளாரன்ஸில் ஒரு பார்டெண்டர்தான்.