இயேசுவின் திருஇருதய பக்தி

இயேசுவின் திருஇருதய பக்தி என்பது, மனிதரின் தகுதியைப் பாராமல் கடவுள் அவர்கள்மேல் கொண்ட அன்பை, கிறிஸ்துவின் இருதயத்தை அடையாளமாகக் கொண்டு போற்றும் கத்தோலிக்க வழிபாட்டு மரபு. முள்முடி சுற்றிய, ஈட்டிக் காயம் பட்ட, உச்சியில் சிலுவையும் தீச்சுடரும் எழும் இருதயமாக இது படங்களில் வரையப்படுகிறது. இதன் பெருவிழா தூய ஆவியார் பெருவிழாவுக்குப் பின்வரும் மூன்றாம் வெள்ளிக்கிழமை கொண்டாடப்படுகிறது. ஜூன் மாதம் முழுவதும் திருஇருதய மாதமாகக் கருதப்படுகிறது.

தோற்றம்

சிலுவையில் இறந்த இயேசுவின் விலாவைப் படைவீரன் ஒருவன் ஈட்டியால் குத்தியதும் இரத்தமும் நீரும் வடிந்தன என்கிறது யோவான் நற்செய்தி (19:34). அகுஸ்தினார் உள்ளிட்ட திருச்சபைத் தந்தையர் அந்த இரத்தத்திலும் நீரிலும் நற்கருணை, திருமுழுக்கு ஆகிய அருளடையாளங்களைக் கண்டனர். 12ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ பெர்நார்து போன்ற துறவியர், விலாக் காயத்தைக் கிறிஸ்துவின் உள்ளத்தை அறியும் வாயிலாகக் கொண்டு தியானித்தனர். ஜெர்மனியின் ஹெல்ஃப்டா மடத்துத் துறவி கெர்த்ரூத் (1256–1302) தம் காட்சிகளில் இந்த இருதயத்தைப் பற்றி விரிவாகப் பேசினார். எனினும் அதுவரை இது மடங்களுக்குள் வளர்ந்த தனித் தியானமாகவே இருந்தது. பொது வழிபாட்டில் இதற்கு முதலில் இடம் தேடியவர் பிரெஞ்சுக் குரு யோவான் யூட்ஸ் (1601–1680). இதற்கெனத் திருப்பலி மன்றாட்டுகளை எழுதி, 1670களின் தொடக்கத்தில் தம் சபையினர் இடையே விழா கொண்டாடச் செய்தார்.

மார்கரீத் மரியாவின் காட்சிகள்

பிரான்சின் பரே-லெ-மோனியால் நகரில் விசிட்டேஷன் சபை மடத்தில் இருந்த மார்கரீத் மரியா அலக்கோக் (1647–1690), 1673 டிசம்பர் 27 முதல் 1675 வரை பல காட்சிகள் கண்டார். மனிதர்மேல் அன்பால் எரியும் இருதயத்தை இயேசு தமக்குக் காட்டியதாகவும், அந்த அன்புக்கு நன்றியின்மையே கைம்மாறாகக் கிடைப்பதை எண்ணி வருந்தியதாகவும் அவர் பதிவு செய்தார். மாதத்தின் முதல் வெள்ளியன்று நற்கருணை பெறுவதும், தனி விழா எடுப்பதும் அக்காட்சிகளில் கேட்கப்பட்டவை. மடத்தில் பலர் ஐயுற்றபோது அவருக்குத் துணைநின்றவர் இயேசு சபைக் குரு கிளாத் லா கொலம்பியேர்.

இச்செய்தி பரவியதற்கு அன்றைய பிரான்சின் சமயச் சூழலும் காரணம். ஆயர் கொர்னேலியுஸ் யான்சனின் நூல் அவர் இறந்தபின் 1640இல் வெளிவந்தது. அதைப் பின்பற்றிய யான்சனியர், மனித இயல்பின் சீர்கேட்டை மிகுதியாக வலியுறுத்தினர். போதிய தவமின்றி நற்கருணையை நெருங்கலாகாது என்றனர். கடவுளை அஞ்சி விலகி நிற்பதே பணிவு என்று கருதப்பட்ட அக்காலத்தில், பாவியையும் அருகே அழைக்கும் இருதயம் நேர்மாறான செய்தியைத் தந்தது.

எதிர்ப்பும் ஏற்பும்

உரோமை இதை உடனே ஏற்கவில்லை. விழாவுக்கான விண்ணப்பங்கள் 1697இலும் 1729இலும் மறுக்கப்பட்டன. அன்பு இருதயம் என்னும் உடலுறுப்பில்தான் தோன்றுகிறது என்று ஆதரவாளர்கள் முன்வைத்த வாதம் அறிவியல் வகையில் ஐயத்துக்குரியது என்பது மறுப்புக்கு ஒரு காரணம். இதனிடையே 1720இல் மர்சேய் நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது ஆயர் பெல்சன்ஸ் நகரையே திருஇருதயத்துக்கு ஒப்புக்கொடுத்தார். மக்களிடையே பக்தி வேரூன்றியது.

போலந்து ஆயர்களின் வேண்டுகோளை ஏற்று, 1765இல் திருத்தந்தை பதின்மூன்றாம் கிளமெந்து விழாவுக்கு இசைவளித்தார். 1856இல் ஒன்பதாம் பயஸ் அதை உலகத் திருச்சபை முழுமைக்கும் விரிவாக்கினார். 1899இல் பதின்மூன்றாம் லியோ மனிதகுலம் முழுவதையும் திருஇருதயத்துக்கு ஒப்புக்கொடுத்தார். மார்கரீத் மரியா 1920இலும் கொலம்பியேர் 1992இலும் புனிதர்களாக அறிவிக்கப்பட்டனர்.

தமிழகத்தில்

1838இல் மதுரை மறைப்பணித் தளத்துக்குத் திரும்பிய பிரெஞ்சு இயேசு சபையினரின் பணியோடு இப்பக்தியும் தமிழகத்தில் வலுப்பெற்றது. சிவகங்கை மாவட்டம் இடைக்காட்டூரில் ரீம்ஸ் பேராலயத்தின் சாயலில் 1894இல் எழுந்த ஆலயமும், 2011இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட புதுச்சேரி ஆலயமும் திருஇருதய ஆண்டவர் பெயரில் அமைந்தவை. வீட்டில் அவர் படத்தை நிறுவிக் குடும்பத்தை ஒப்புக்கொடுப்பதும், முதல் வெள்ளித் திருப்பலியும் தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில் உள்ளன.

இறையியல் விளக்கம்

இம்மரபில் நம்பிக்கை, பரிகாரம் ஆகிய இரண்டு இழைகள் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பரிகாரமே மேலோங்கியது. கடவுளின் நீதியைத் தணிக்கத் தம்மைப் பலியாக்குவோரும் இருந்தனர். குழந்தை இயேசுவின் தெரேசா 1895 ஜூன் 9 அன்று தம்மை நீதிக்கு அல்லாமல் இரக்கம் நிறைந்த அன்புக்குக் கையளித்தார். கடவுளின் அன்பு சம்பாதிக்க வேண்டிய ஒன்றன்று, வெறுங்கையோடு பெற வேண்டியது என்பது அவர் காட்டிய வழி.

1956இல் பன்னிரண்டாம் பயஸ் தம் சுற்றுமடலில், கிறிஸ்துவின் இறையன்பு, மனித உள்ளத்தின் அன்பு, உணர்வில் வெளிப்படும் பாசம் ஆகிய மூன்றுக்கும் இருதயம் அடையாளம் என்று விளக்கினார். இதனால், உடலுறுப்பு பற்றிய பழைய வாதத்தைச் சாராமலே பக்திக்கு இறையியல் அடித்தளம் அமைந்தது. 2024 அக்டோபரில் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட சுற்றுமடல், வழிபாடு உறுப்பொன்றுக்கு அன்று, முழுமையான கிறிஸ்துவுக்கே என்று தெளிவுபடுத்தியது. தெரேசாவின் நம்பிக்கை வழியை முன்னிறுத்திய அம்மடல், பரிகாரம் என்பது மன்னிப்புக் கேட்பதையும் சிதைந்த உறவுகளைச் சீர்செய்வதையும் உள்ளடக்கியது என்றும் கற்பித்தது.