சுகுமார் சென்னின் இரண்டாவது தேர்தல்

தேர்தல் ஆணையர் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் வாசகர்களில் பெரும்பாலோருக்கு நினைவில் எழும் முகம் டி.என். சேஷனுடையது. அதில் பிழையொன்றுமில்லை. எனினும் அவர் 1990இல் ஏறி அமர்ந்த நாற்காலியைச் செய்து வைத்தவர் வேறொருவர். சுகுமார் சென் என்ற அந்த வங்காளியைப் பற்றி நம்மிடம் இருப்பது மிகக் குறைவு. நினைவுக்குறிப்புகள் எதையும் அவர் எழுதவில்லை. 1955இல் வெளியான முதல் பொதுத்தேர்தல் அறிக்கை ஒன்றுதான் அவருடைய குரலை ஓரளவு கேட்கத்தக்க ஆவணம். இராமச்சந்திர குஹா தம்முடைய நூலில் அவருக்குச் சில பக்கங்கள் ஒதுக்கியிராவிட்டால் இன்றைய வாசகர்களுக்கு அவர் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

சென் கணிதம் பயின்றவர், ஐ.சி.எஸ். அதிகாரி, மேற்கு வங்கத்தின் தலைமைச் செயலாளராக இருந்தவர். 1950 மார்ச்சில் இந்தியாவின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் ஆனார். அவர் முன் இருந்தது பதினேழு கோடிக்கும் அதிகமான வாக்காளர்களைக் கொண்ட ஒரு கணக்கு. அவர்களில் எண்பது சதவீதத்துக்கும் மேற்பட்டோர் எழுத்தறியாதவர்கள். வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டியின் மேல் ஒரு சின்னம், விரலில் அழியாத மை என்று அந்தக் கணக்கு தீர்க்கப்பட்ட விதம் பலமுறை எழுதப்பட்டுவிட்டது. அதிகம் பேசப்படாத ஒன்றை மட்டும் இங்கே நினைவுகூரலாம். வட மாநிலங்களில் பல பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிந்துகொண்டனர். பெயரற்ற அந்தப் பதிவுகளில் ஏறத்தாழ 28 லட்சத்தைப் பட்டியலிலிருந்து சென் நீக்கினார். இரக்கமற்ற முடிவு என்றே எனக்குப் படுகிறது. ஆனால் அதன் பின்னிருந்த தர்க்கத்தைத் தள்ளிவிட முடிவதில்லை: வாக்கு தனிமனிதருக்கு உரியது, தனிமனிதருக்குப் பெயர் வேண்டும். குடும்பம், சாதி, குலம் என்று கூட்டமாகவே தம்மை அறிந்திருந்த ஒரு சமூகத்தை ஒவ்வொருவராகப் பிரித்து எண்ணுவதே தேர்தல் ஆணையம் ஒன்றின் முதல் வேலை. 1953இல் இந்த வேலையைச் செய்யும்படி அவரை வேறொரு நாடு அழைத்தது.

அது சூடான். பெயரளவில் பிரிட்டனும் எகிப்தும் கூட்டாக ஆண்ட நிலம். நடைமுறையில் பிரிட்டிஷ் அதிகாரிகளின் ஆட்சி. 1952இல் எகிப்தில் மன்னராட்சி கவிழ்ந்த பின், 1953 பிப்ரவரி 12 அன்று இரு நாடுகளும் கெய்ரோவில் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. சூடானுக்குத் தன்னாட்சி, அதற்கு முன் ஒரு பொதுத்தேர்தல், அதை நடத்த ஒரு பன்னாட்டு ஆணையம். எழுவர் கொண்ட அந்த ஆணையத்தில் சூடானியர் மூவர்; எகிப்து, பிரிட்டன், அமெரிக்கா சார்பில் ஒவ்வொருவர்; தலைவர் ஓர் இந்தியர். ஆளுநரைக் கண்காணிக்க அமைந்த இன்னொரு குழுவுக்கு ஒரு பாகிஸ்தானியர் தலைவரானார். ஆறாண்டுகளுக்கு முன் இரத்தம் சிந்திப் பிரிந்த இரு தேசங்களின் பிரதிநிதிகள் கார்ட்டூமில் நடுவர்களாக அமர்ந்திருந்ததை வரலாற்றின் குறும்புகளில் ஒன்றாகத்தான் கொள்ள வேண்டும்.

சூடானில் அதுவரை முறையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பே நடந்ததில்லை. முதல் கணக்கெடுப்பு 1955-56இல்தான் நடந்தது. ஒரு கோடிக்குச் சற்று அதிகமான மக்களில் தம்மை அரபியர் என்று சொன்னவர்கள் 39 சதவீதம் என்பதும், நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் அங்கே வழங்கின என்பதும் அதன் பின்னரே தெரியவந்தன. ஆக, ஆணையம் இறங்கியது அளக்கப்படாத நிலத்தில். நைல் நதிக்கரைப் பட்டணங்களில் நேரடி வாக்களிப்பு சாத்தியமாக இருந்தது. மேய்ச்சலுக்காக அலையும் குலங்களிடமும் தெற்கின் பெரும்பகுதியிலும், முதலில் சிலரைத் தேர்ந்து, அவர்கள் வழியாக உறுப்பினரைத் தேரும் மறைமுக முறை கையாளப்பட்டது. கீழவையின் 97 இடங்களில் ஐந்து, படித்தவர்களுக்கெனத் தனியே ஒதுக்கப்பட்டவை. தன் நாட்டில் எழுத்தறியாத கோடிக்கணக்கானோருக்குச் சமமான வாக்கைக் கொண்டுசேர்த்த மனிதர், படிப்புக்குக் கூடுதல் எடை தரும் ஏற்பாட்டை நடத்திக்கொடுக்கையில் என்ன நினைத்திருப்பார் என்று ஊகிக்க நமக்கு ஆவணம் ஏதுமில்லை. பெண்களுக்குப் பொதுவான வாக்குரிமை 1964 அக்டோபர் எழுச்சிக்குப் பின்பே கிடைத்தது.

1953 நவம்பர், டிசம்பர் மாதங்களில் தேர்தல் நடந்தது. களத்தில் இரண்டு பெரும் ஆன்மிகப் பரம்பரைகள். மஹ்தியின் மகன் அப்துர் ரஹ்மானின் ஆதரவில் உம்மா கட்சி. அலி அல் மிர்கனியின் ஆதரவில், எகிப்துடன் இணைப்பை வேண்டிய தேசிய ஐக்கியக் கட்சி. எகிப்திய அமைச்சர் சலாஹ் சலேம் தெற்குக்குச் சென்று டிங்கா மக்களோடு அரையாடையில் நடனமாடினார். பிரிட்டிஷ் பத்திரிகைகளில் அவர் ‘நடனமாடும் மேஜர்’ ஆனார். எகிப்தின் பணம் பாய்கிறது என்று பிரிட்டிஷாரும், பிரிட்டிஷ் அதிகாரிகள் உம்மாவுக்குத் துணைபோகின்றனர் என்று எகிப்தியரும் குற்றம் சாட்டினர். இரு தரப்பும் ஒரே நேரத்தில் முறையிடுவது ஆணையத்துக்குக் கிடைக்கும் நற்சான்று என்று சொல்லத் தோன்றுகிறது.

முடிவு பிரிட்டிஷாரின் எதிர்பார்ப்பைப் பொய்யாக்கியது. ஐக்கியக் கட்சிக்கு 51 இடங்கள். 1954 ஜனவரியில் இஸ்மாயில் அல் அஸ்ஹரி பிரதமரானார். எகிப்துடன் இணைவதாக வாக்குக் கேட்டு வென்ற அவரே, ஈராண்டுக்குள் முழு விடுதலை என்ற பக்கம் திரும்பியது தனிக்கதை. சென்னுக்கு 1954இல் பத்மபூஷண் கிடைத்தது. நாடு திரும்பி 1957இல் இந்தியாவின் இரண்டாம் பொதுத்தேர்தலையும் நடத்தினார். அதில் வென்று நேருவின் சட்ட அமைச்சரானவர் அவருடைய தம்பி அசோக் சென். இன்றைய தொலைக்காட்சி விவாதங்களில் இப்படியொரு செய்தி என்ன பாடுபடும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

சூடானின் கதையில் வலி வேறிடத்தில் இருந்தது. 1922 முதல் ‘மூடிய மாவட்டங்கள்’ சட்டத்தின் கீழ் அனுமதிச்சீட்டின்றி வெளியார் நுழைய முடியாதபடி தெற்கை வடக்கிலிருந்து பிரித்து வைத்திருந்தவர்கள் பிரிட்டிஷார். விடுதலை நெருங்கியதும் இரண்டையும் ஒன்றென அறிவித்தவர்களும் அவர்களே. கெய்ரோ பேச்சுவார்த்தையில் தெற்கிலிருந்து ஒருவரும் இல்லை. ஆணையம் தெற்கையும் தன் தொகுதிகளுக்குள் கொண்டுவந்தது, தெற்கத்தியரும் நாடாளுமன்றத்துக்குள் சென்றனர், தெற்குக் கட்சி ஒன்பது இடங்களை வென்றது. ஆனால் இந்த நாட்டில் நீங்கள் இருக்கிறீர்களா என்ற கேள்வி வாக்குச்சாவடியில் கேட்கப்படவில்லை. அதைக் கேட்கும் அதிகாரம் சென்னுக்குத் தரப்படவும் இல்லை. தேர்தல் நேர்மையாக நடந்தது என்பதும், அதனால் அமைந்த நாடாளுமன்றத்தில் தெற்கு நிரந்தரச் சிறுபான்மையாகப் பூட்டப்பட்டது என்பதும் ஒருசேர உண்மை.

விளைவு விரைந்து வந்தது. வெளிநாட்டினர் விட்டுச்சென்ற ஏறத்தாழ 800 அரசுப் பதவிகளில் தெற்கத்தியருக்குக் கிடைத்தவை பத்துக்கும் குறைவு. 1955 ஆகஸ்டில் டோரிட் நகரில் தெற்கின் படைவீரர்கள் கலகம் செய்தனர். அதே ஆண்டு டிசம்பரில் விடுதலைத் தீர்மானத்துக்குத் தெற்கின் உறுப்பினர்கள் கைதூக்கியது, கூட்டாட்சிக் கோரிக்கைக்கு உரிய கவனம் தரப்படும் என்ற வாக்குறுதியின் பேரில். அந்தக் கவனம் 1958இல் ஒரு நிராகரிப்பாக முடிந்தது; அவ்வாண்டு நவம்பரில் ஜெனரல் அப்பூதின் இராணுவம் நாடாளுமன்றத்தையே கலைத்தது. பிறகு 1972 வரை ஒரு போர், 1983 முதல் 2005 வரை இன்னொன்று.

1953இல் கேட்கப்படாத கேள்வி 2011 ஜனவரியில், ஒரு வாரம், தெற்கின் மக்களிடம் கேட்கப்பட்டது. அந்தப் பொதுவாக்கெடுப்பை நடத்திய ஆணையத்தின் தலைவர் வடக்கைச் சேர்ந்த முதிய சட்டவல்லுநர் முகமது இப்ராகிம் கலீல். எழுத்தறியாதவர்களுக்காக வாக்குச்சீட்டில் இரண்டு சின்னங்கள் அச்சிடப்பட்டிருந்தன. ஒற்றுமைக்கு, பற்றிக்கொண்ட இரண்டு கைகள். பிரிவினைக்கு, உயர்த்திய ஒற்றைக் கை. 98.83 சதவீதத்தினர் ஒற்றைக் கையைத் தேர்ந்தனர்.