சாகாவும் போஸும் அளந்த இடம்

சி.பி.எஸ்.இ. பதினோராம் வகுப்பு வேதியியலிலிருந்து ‘பருப்பொருளின் நிலைகள்’ பாடத்தை 2022-இல் எடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் வாயு நிலைமை இன்னும் இருக்கிறது. புனேயின் மகர்பட்டாவில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு அதை நானே நடத்துகிறேன். அது தெரியாமல் போகக் கூடாது என்பது என் பிடிவாதம்.

ஹடப்சர் சாலையில் ஓடும் சி.என்.ஜி. ஆட்டோவின் உருளையில் 200 பார் வரை மீத்தேன் அடைக்கிறார்கள். நல்லியல்பு வாயுவாக இருந்தால் கொள்ளக்கூடியதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொள்கிறது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுப்பதுதான் காரணம்.

1873-இல் வான் டெர் வால்ஸ் தன் ஆய்வேட்டில் இந்த ஈர்ப்புக்கு ஒரு திருத்தமும், மூலக்கூறின் பருமனுக்கு ஒரு திருத்தமும் கொடுத்தார். பெரிய காரியம். ஆனாலும் ஓர் இடத்தில் இடித்தது. நிலைமாறு புள்ளியில், நல்லியல்பு விதிப்படி வரவேண்டிய அழுத்தம் உண்மை அழுத்தத்தைப்போல் 2.67 மடங்கு என்றது அவர் சமன்பாடு. ஆர்கானுக்கும் நைட்ரஜனுக்கும் அளந்து பார்த்தால் 3.4-ஐ ஒட்டி வருகிறது.

கல்கத்தா பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் விரிவுரையாளர்களாக இருந்த மேகநாத் சாகாவும் சத்யேந்திரநாத் போஸும் இதைக் கையில் எடுத்தார்கள். இருவருக்கும் இருபத்தைந்தை ஒட்டிய வயது. 1918-இல் லண்டனின் ‘ஃபிலசாஃபிகல் மேகசின்’ அவர்கள் கட்டுரையை வெளியிட்டது. போஸின் முதல் கட்டுரை அது.

அவர்கள் வழி எனக்கு மிகவும் பிடித்தது. சந்தையில் முதலில் வருபவர் விரும்பிய இடத்தில் கடை விரிக்கலாம். பின்னால் வருபவருக்கு மிச்சம்தான். அப்படித்தான் முதல் மூலக்கூறுக்குக் கலம் முழுவதும் கிடைக்கிறது. அடுத்ததற்கு, முதல் மூலக்கூறின் பருமனைப்போல் எட்டு மடங்கு இடம் குறைகிறது. மூன்றாவதற்கு அதைப்போல் இரண்டு பங்கு. வான் டெர் வால்ஸ் எல்லாவற்றுக்கும் ஒரே சராசரியைக் கழித்தார். இவர்களோ ஒவ்வொன்றின் வாய்ப்பையும் பெருக்கிக்கொண்டே போனார்கள். சமன்பாட்டில் மடக்கை வந்தது அப்படித்தான்.

ஈர்ப்புக்கு டீட்டரிச்சி என்ற இயற்பியலாளரின் அடுக்குக்குறி உறுப்பைச் சேர்த்து இந்தச் சமன்பாட்டைப் பிள்ளைகளிடம் கொடுக்கிறேன். இரண்டு முறை வகையிட்டுச் சுழியாக்கினால், மடக்கையின் அளவு சரியாக ஒன்று ஆகும் இடத்தில் நிலைமாறு புள்ளி விழுகிறது. அங்கே அந்த அழுத்த விகிதம் 3.52.