போம் ஜேசு பேராலயம், பழைய கோவா

கோவா மாநிலத்தின் பழைய கோவாவில், அர்ச்சியசிஷ்ட பிரான்சிஸ் சவேரியாரின் பூதவுடலைத் தாங்கி நிற்கும் கத்தோலிக்கத் தேவாலயம். பரோக் சிற்பமுறைக்குப் பாரத தேசத்திலுள்ள சிறந்த உதாரணங்களுள் ஒன்று.

ஒப்பீடாக, ரோமாபுரியில் ஆப்பிய வீதியிலுள்ள செபஸ்தியார் ஆலயம், ஆதி கிறிஸ்தவர்களின் சுரங்கக் கல்லறைகளுக்கு மேலே 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரோக் பாணியில் புதுப்பிக்கப்பெற்றது. அங்கே யாத்ரீகன் படியிறங்கிச் சமாதிகளைக் காண்கிறான். கோவாவிலோ சமாதி உயரே எழும்பியிருப்பதால், அவன் தலைநிமிர்ந்தே தரிசிக்கிறான்.

வரலாறு: 1544இல் திருவிதாங்கூர்க் கடற்கரையில் முக்குவர்களுக்கு ஞானஸ்நானம் அளித்த சவேரியார், 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கடலோரச் சான்சியன் தீவில் காலமானார். அத்தீவிலேயே முதலில் அடக்கமான அவருடல், பின்னர் மலாக்கா வழியாக 1554இல் கோவாவுக்கு வந்தது. இயேசு சபையார் 1594இல் தொடங்கிய இவ்வாலயம் 1605இல் அபிஷேகம் செய்யப்பெற்றது. 1622இல் அவர் அர்ச்சியசிஷ்டராக அறிவிக்கப்பட்ட பின்னர், அவ்வுடல் இங்கே இடம்பெற்றது. 1946இல் இது பேராலய அந்தஸ்தும், 1986இல் பழைய கோவாவின் பிற ஆலயங்களோடு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் என்னும் அங்கீகாரமும் பெற்றது.

அமைப்பு: திருவிதாங்கூரார் வெட்டுகல் என்று வழங்கும் செம்பாறையால் எழுந்த சுவர்கள் பூச்சின்றிச் சிவந்து காட்சி தர, முகப்பின் உச்சியில் இயேசுவின் திருநாமத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சின்னம் கருங்கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. உள்ளே, தங்கமுலாம் பூசிய நடுப்பீடத்தில் பாலஇயேசுவின் சிறு சுரூபத்துக்கு மேலே, இயேசு சபை நிறுவனர் இஞ்ஞாசியாரின் பேருருவம் வானத்தை நோக்கியவண்ணம் நிற்கிறது.

சமாதி: தஸ்கனி அரசர் மூன்றாம் கோசிமோ அனுப்பிய, புளோரன்ஸ் சிற்பி போஜினியின் பளிங்கு மேடை 1698இல் நிறுவப்பெற்றது. அதன் நாற்புறமும் சவேரியாரின் சரிதக் காட்சிகள் வெண்கலத்தில் புடைத்து நிற்கின்றன. மேடையின் சிகரத்தில், கோவாத் தட்டார்கள் 1636-37இல் இழைத்த வெள்ளிப் பேழையில் அவ்வுடல் உள்ளது. ஐரோப்பியப் பளிங்கின்மேல் கோவாவின் வெள்ளி அமர்ந்திருக்கும் இந்தச் சேர்க்கையே ஆலயத்தின் தனிச்சிறப்பு.

தரிசனம்: திருநாள் டிசம்பர் 3. பத்தாண்டுக்கொருமுறை பேழை இறக்கப்பட்டு, அருகிலுள்ள சே கத்தீட்ரலில் பொதுத் தரிசனத்துக்கு வைக்கப்படுகிறது. அண்மையில் 2024 நவம்பர் முதல் 2025 ஜனவரி வரை அது நடந்தது. திருவனந்தபுரத்து ஆரியசாலை, சாலைக் கடைவீதி வாசிகள் திருவனந்தபுரம் சென்ட்ரலில் நேத்ராவதி விரைவு வண்டியேறி, மட்காவில் இறங்கிச் சாலை மார்க்கமாகச் செல்லலாம். தோளும் முழங்காலும் மறைய உடுத்தல் வேண்டும்.

பாதுகாப்பு: 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சுண்ணாம்புப் பூச்சு அகற்றப்பட்டதால், கொங்கண மழையில் செம்பாறை அரிப்புண்கிறது, மீண்டும் பூசவேண்டுமென்ற கோரிக்கை இன்றும் நிலுவையில் உள்ளது.