கையோடு வருவதும் கிடங்கில் போவதும்

வெளிநாட்டுப் பயணத்துக்கு முந்தைய இரவில் பெரும்பாலான வீடுகளில் ஒரே காட்சிதான். கூடத்தின் நடுவே வாய் திறந்து கிடக்கும் பெரிய பெட்டி, அதன் அருகே ஒரு சிறிய பை, யாரோ ஒருவர் கையில் எடை பார்க்கும் சிறு தராசு. எதை விமான நிலையத்தில் ஒப்படைப்பது, எதைக் கையோடு கொண்டு செல்வது என்னும் வழக்கு நள்ளிரவு வரை நடக்கும். இறுதியில் தீர்ப்பைச் சொல்வது பெரும்பாலும் தராசாகத்தான் இருக்கும். 2017-ஆம் ஆண்டு சனவரியில் கோலாலம்பூரில் நடந்த ஒரு கருத்தரங்குக்கு எங்கள் துறையிலிருந்து மூவர் புறப்பட்டபோதும் அப்படியே நடந்தது.

எங்கள் ஆசிரியர் ஒருவர் 1970-களில் தாமிரபரணிக் கரைச் சிற்றூர்களில் நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் கேட்டு எழுதிவைத்த நோட்டுப் புத்தகம் ஒன்று அப்போது எங்களிடம் இருந்தது. மைப்பேனா எழுத்து, நூற்று அறுபது பக்கங்கள். பாடிய பெண்கள் பலரும் மறைந்துவிட்டனர். ஆசிரியரும் அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். கருத்தரங்கில் அதைப் பற்றிப் பேச விரும்பி அவர் துணைவியாரிடம் கேட்டு வாங்கினோம். "பத்திரமாக் கொண்டுபோய்க் கொண்டாங்கப்பா. அவுக எழுத்து வேற எங்கயும் இல்ல" என்றுதான் கொடுத்தார். கைப்பைக்கு ஏழு கிலோ வரம்பு. அதில் எங்கள் கட்டுரைகளின் அச்சுப்படிகளும் மடிக்கணினியும் நினைவுப் பரிசுகளும் ஏறிவிட்டன. நோட்டுப் புத்தகம் வேட்டி சட்டைகளுக்கு நடுவே பெரிய பெட்டிக்குள் போயிற்று. நாங்கள் போய்ச் சேர்ந்தோம். பெட்டி வந்து சேரவில்லை.

அந்தப் பெட்டிக்கு என்ன ஆயிற்று என்பதைப் பின்னர் சொல்கிறோம். பயணியையும் அவர் பொருளையும் இரு வழியாகப் பிரித்து அனுப்பும் இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது என்று அதன் பிறகு தேடிப் படித்தோம். ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஓர் இழப்போ அச்சமோ இருந்தது.

பிரிவினை தொடங்கியது கப்பலில். ஆங்கிலேயக் கப்பல் நிறுவனங்கள் பயணப் பெட்டிகளில் ஒட்டுவதற்கு அச்சிட்ட சீட்டுகளைத் தந்தன. பயணியின் அறைக்குச் செல்வது ஒரு வகை. வழியில் தேவைப்படலாம் என்பது ஒரு வகை. பயணத்தில் தேவையில்லை என்பது மற்றொரு வகை. கடைசி வகை கப்பலின் அடித்தளக் கிடங்கில் இறங்கினால் துறைமுகத்தில்தான் மீண்டும் வெளிச்சத்தைப் பார்க்கும். இது அறை எடுத்தவர்களின் கதை. 1926-இல் கட்டப்பட்டு, சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் தமிழர்களை ஏற்றிச் சென்ற 'ரஜூலா' போன்ற கப்பல்களில் மேல்தளப் பயணிகளே மிகுதி. தகரப் பெட்டியும் படுக்கைச் சுருட்டும் அவர்கள் பக்கத்திலேயே இருந்தன. இடவசதி குறைந்தவனுக்குப் பொருள் அருகில் இருந்தது. வசதி உள்ளவனுக்கே அதைப் பிரிந்திருக்கும் சலுகை கிடைத்தது.

இரயில் வந்தபின் பிரிவுக்கு ஓர் அத்தாட்சி தேவைப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க இரயில்களில் ஒரே எண் பொறித்த இரண்டு பித்தளை வில்லைகள் புழங்கின. ஒன்று பெட்டியின் வாரில் தொங்கும். மற்றொன்று பயணியின் சட்டைப்பையில் இருக்கும். 'செக்' என்று அழைக்கப்பட்ட அந்த வில்லையின் பெயரைத்தான் இன்று 'செக்-இன் பெட்டி' என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். 1882-இல் கனடாவின் மாங்டன் நகரைச் சேர்ந்த ஜான் மைக்கேல் லயன்ஸ், கிழித்துப் பிரிக்கக்கூடிய சீட்டுக்குக் காப்புரிமை பெற்றார். புறப்படும் இடமும் சேரும் இடமும் வரிசை எண்ணும் அதில் இருந்தன. விமான நிலையத்தில் நம் நுழைவுச் சீட்டின் பின்புறம் ஒட்டித் தருகிறார்களே ஒரு சிறு துண்டு, அது இந்த லயன்ஸ் சீட்டின் வழித்தோன்றலே.

விமானம் இதற்குள் எடையைக் கொண்டுவந்தது. கப்பலுக்கும் இரயிலுக்கும் ஒரு பெட்டி கூடுதலாக ஏறுவது பெரிய செய்தியன்று. தொடக்ககால விமானத்துக்கு அது உயிர்ப் பிரச்சினை. அக்காலத்தில் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் பெட்டியை மட்டுமின்றிப் பயணியையும் தராசில் ஏற்றி நிறுத்தது. அந்நிறுவனம் இலண்டனிலிருந்து கராச்சிக்கு விமானம் விடத் தொடங்கிய 1929-ஆம் ஆண்டிலேயே, அக்டோபர் 12 அன்று வார்சா நகரில் பன்னாட்டு ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாயிற்று. ஒப்படைத்த பெட்டி தொலைந்தால் கிலோவுக்கு 250 தங்கப் பிராங்கு. பயணி தாமே வைத்துக்கொள்ளும் சிறுபொருள்களுக்கு ஆளொன்றுக்கு 5000 பிராங்கு. நிறுவனத்தின் பொறுப்புக்கு இவையே மேல்வரம்புகள். கிலோக் கணக்கு பிற்காலத்தில் ஏறத்தாழ 20 டாலர் என்று நிலைபெற்றது. பட்டுச் சேலையானாலும் பழந்துணியானாலும் நோட்டுப் புத்தகமானாலும் தராசுத் தட்டில் ஒன்றே. இழப்பைக் கிலோவில் அளக்கும் வழக்கத்துக்குச் சட்டமே அன்று ஒப்பம் இட்டது.

கையோடு பெரிய பையைக் கொண்டு செல்லும் பழக்கம் உண்மையில் பிற்காலத்தது. பழைய விமானங்களில் தலைக்கு மேல் இருந்தது தொப்பியும் மேலங்கியும் வைக்கும் திறந்த தட்டுதான். 1970-இல் போயிங் 747 பறக்கத் தொடங்கிய பிறகே மூடியுள்ள அறைகள் பரவலாயின. 1972-இல் பெர்னார்டு சேடோ சக்கரப் பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். 1987-இல் ராபர்ட் பிளாத் என்னும் விமானி, பெட்டியை நிமிர்த்தி நீளக் கைப்பிடியால் இழுக்கும் வடிவத்தை உருவாக்கினார். 2008-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஒப்படைக்கும் முதல் பெட்டிக்கே 15 டாலர் கட்டணம் விதித்தது, மற்றவையும் பின்தொடர்ந்தன. ஒப்படைப்பதற்குக் காசு என்றானதும் எல்லாரும் எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டு ஏறினர்.

இதற்கு இடையே நடந்தவை வேறு வகை. 1984 ஆகஸ்டு 2 அன்று இரவு சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொழும்பு விமானத்துக்குப் பெட்டிகளை ஒப்படைத்த பயணி, விமானத்தில் ஏறவில்லை. குண்டு இருந்தது அப்பெட்டிகளில். பத்து மாதங்கள் கழிந்து, 1985 சூன் 23 அன்று, கனடாவிலிருந்து வந்த ஏர் இந்தியா 182 விமானம் அயர்லாந்துக்கு அப்பால் கடலில் விழுந்தது. 329 பேர் மாண்டனர். வான்கூவரில் பெட்டியை ஒப்படைத்தவன் பயணம் செய்யவில்லை. பெட்டி மட்டும் பயணம் செய்தது. அதே நாளில் சப்பானின் நரிட்டா விமான நிலையத்தில் மற்றொரு பெட்டி வெடித்து, பெட்டிகளைக் கையாளும் தொழிலாளர் இருவர் இறந்தனர். 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊரின்மேல் பான் ஆம் 103 வெடித்துச் சிதறியது. தரையில் இருந்தோரையும் சேர்த்து 270 பேர் மாண்டனர். அங்கும் உரியவர் உடன் வராத பெட்டிதான்.

ஏறாதவரின் பெட்டி பறக்கக்கூடாது என்னும் விதி இச்சாவுகளில் பிறந்தது. ஒரு பயணி வராததால் கிடங்கைத் திறந்து பெட்டியைத் தேடி இறக்குகையில் நாம் இருக்கையில் அமர்ந்து கடிகாரத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறோம். மீனம்பாக்கத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் சலித்துக்கொள்ள மாட்டார்கள். கைப்பைக்கும் இப்படி ஒரு நாள் வந்தது. நீர்ம வெடிபொருள் சதி ஒன்று 2006 ஆகஸ்டு 10 அன்று இலண்டனில் வெளிப்பட்டது. அன்று பிரிட்டனிலிருந்து புறப்பட்டோர் கடவுச்சீட்டு, பணப்பை போன்ற சிலவற்றை மட்டும் ஒளி ஊடுருவும் நெகிழிப் பையில் எடுத்துச் சென்றனர். நூறு மில்லி லிட்டர் கட்டுப்பாடு அதன் எச்சம்.

சட்டமும் மாறியது. 1999-இல் மாண்ட்ரியலில் உருவாகி 2003-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம், பயணியின் பெட்டிக்குக் கிலோக் கணக்கைக் கைவிட்டு ஆள் கணக்குக்கு மாறியது. இந்தியா 2009-இல் அதில் சேர்ந்தது. 2024 டிசம்பர் 28 முதல் பயணி ஒருவருக்கான உச்சவரம்பு, பன்னாட்டுச் செலாவணி நிதியத்தின் கணக்கில் 1519 சிறப்பு எடுப்பு உரிமைகள்; ஏறத்தாழ 2000 அமெரிக்க டாலர். ஒப்படைத்த பெட்டி கெட்டுப்போனால் ஏழு நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். தாமதத்துக்கு இருபத்தொரு நாள். கையில் இருப்பதற்கோ, தவறு நிறுவனத்தினுடையதாக இருந்தால்தான் அதற்குப் பொறுப்பு. பெட்டியை ஒப்படைக்கும்போதே அதன் மதிப்பைத் தனியே அறிவித்து, கூடுதல் கட்டணம் கேட்டால் அதையும் செலுத்தி, உச்சவரம்புக்கு மேலும் ஈடு பெற வழி உண்டு. வார்சாவிலும் அப்பிரிவு இருந்தது, மாண்ட்ரியலிலும் இருக்கிறது. அதை நாங்கள் அறிந்தது காலம் கடந்த பிறகுதான்.

அறிந்திருந்தாலும் என்ன எழுதியிருப்போம்? கோலாலம்பூரில் தந்த படிவத்தில் பெட்டியின் நிறத்தையும் வடிவத்தையும் படங்களைப் பார்த்துக் குறிக்கச் சொன்னார்கள். உள்ளிருந்த பொருள்களைப் பட்டியலிடச் சொன்னார்கள். வேட்டி, சட்டை, காலணி என்று எழுதி ஒவ்வொன்றுக்கும் விலை போட்டோம். 'நோட்டுப் புத்தகம் 1' என்று எழுதிய பின் விலைப் பத்தியில் பேனா நின்றுவிட்டது. அந்த இடத்தைக் காலியாக விட்டே கையெழுத்திட்டோம். ஒன்பதாம் நாள் பெட்டி ஊருக்கே வந்து சேர்ந்தது. எங்கோ மழையில் நின்றிருக்க வேண்டும். ஒரு பக்கம் முழுதும் நனைந்திருந்தது. முப்பத்தேழு பக்கங்களில் மை கரைந்து நீலக் கறையாகிக் கிடந்தது. அவற்றுள் பெரும்பகுதி ஒப்பாரிகள். அம்மையாரிடம் மூவருமாகப் போய்ச் சொன்னோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. நனைந்த பக்கங்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துவிட்டு, காப்பி போட எழுந்து உள்ளே போனார்.

அதுமுதல் எதையும் கையோடுதான் கொண்டு செல்வது என்று சில காலம் வீம்பாக இருந்தோம். அதுவும் சரியன்று. 1922 டிசம்பரில் பாரிஸ் நகரின் கார் து லியோன் நிலையத்தில் எமிங்வேயின் மனைவி ஹாட்லி, கணவரின் கையெழுத்துப் படிகளை எல்லாம் கையோடு கொண்டுவந்த பெட்டியில்தான் வைத்திருந்தார். சிறிது நேரம் கண் அகன்றதில் அது திருட்டுப்போயிற்று. நகல்களும் அதே பெட்டியில் இருந்தன. 2016 ஆகஸ்டு 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து துபாய் சென்ற எமிரேட்ஸ் விமானம் ஓடுதளத்தில் விழுந்து எரிந்தபோது, உள்ளே இருந்த 300 பேரும் உயிர் தப்பினர். தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார். புகை சூழும் நேரத்தில் தலைக்கு மேலிருந்த பைகளுக்காகப் பயணிகள் முண்டியடித்த காட்சியை உலகமே பார்த்தது. அவர்களை எள்ளி நகையாடியோர் பலர். அப்பைகளில் என்ன இருந்தது என்பது நமக்குத் தெரியாது. அந்த நோட்டுப் புத்தகம் கையில் இருந்திருந்தால் நாங்கள் என்ன செய்திருப்போம் என்பதும் தெரியாது. 2024 சனவரி 2 அன்று தோக்கியோவின் ஹனேடா நிலையத்தில் சப்பான் ஏர்லைன்ஸ் விமானம் தீப்பற்றியபோது, 379 பேரும் பைகளை விட்டுவிட்டு வெளியேறி உயிர் பிழைத்தார்கள். கைப்பை என்பதும் ஒரு கணத்தில் விட்டுவிட வேண்டியதுதான்.

எனவே தராசைத் தொடும் முன் எங்களுக்கு நாங்களே வைத்துக்கொண்ட கேள்விகள் இரண்டு. இது தொலைந்தால் படிவத்தின் விலைப் பத்தியில் எதையாவது எழுத முடியுமா? முடியுமென்றால் பெட்டியில் போகட்டும். முடியாதென்றால், இதற்கு வீட்டில் ஒரு படி இருக்கிறதா? இருந்தால் மட்டுமே அது வாசலைத் தாண்டலாம், அப்போதும் கைப்பையில்தான். நோட்டுப் புத்தகத்தில் எஞ்சிய நூற்று இருபத்து மூன்று பக்கங்களையும் ஒளிப்படி எடுத்து மூன்று வீடுகளில் வைத்திருக்கிறோம். மூலம் அம்மையாரிடமே இருக்கிறது. இப்போது அதை யாரும் இரவல் கேட்பதில்லை.